அருகம்புல்லின் கையிருப்பு: இருட்டில் வைத்துப் பார்த்தேன்

நீலாங்கரையில் எங்கள் வீட்டு முன்னால் இருப்பது வெறும் மணல். அதில் பத்துக்குப் பத்தடிக்கு அருகம்புல் வளர்க்கிறேன். யூரியா போட்டால் பத்தே நாளில் பச்சைப்பசேல் என்று நிற்கும். கொஞ்சம் ஒட்ட வெட்டிவிட்டாலோ மூன்று வாரம் வைக்கோல் நிறத்தில் கிடக்கும். இலை போன பிறகு ஓடுதண்டிலும் மண்ணுக்குள் ஓடும் மட்டத்தண்டிலும் சேர்த்த மாவுச்சத்தை எடுத்துத்தான் புல் துளிர்க்க வேண்டும். அந்தக் கையிருப்பு குறைவோ என்று சந்தேகம் வந்தது. இலையில் உண்டான சர்க்கரை தண்டுக்குப் போகவும் அங்கே மாவாக மாறவும் பொட்டாசியம் வேண்டும். மணலில் அது மழையோடு இறங்கிப் போய்விடும்.

ஜூன் கடைசியில் ஒரு சதுர மீட்டர் அளவில் மூன்று பாத்தி பிரித்தேன். முதல் பாத்திக்கு எதுவும் இல்லை. இரண்டாவதற்கு மாதம் 10 கிராம் யூரியா. மூன்றாவதற்கு அதே யூரியாவோடு, பொட்டாசியத்துக்காக 10 கிராம் சல்பேட் ஆஃப் பொட்டாஷ். மியூரியேட் ஆஃப் பொட்டாஷ், அதாவது பொட்டாசியம் குளோரைடு, மலிவுதான், ஆனால் எங்கள் போர் தண்ணீரே உப்பு. மேலும் குளோரைடு சேர்க்க மனம் வரவில்லை.

செப்டம்பர் கடைசியில் மட்டத்தண்டுகளைக் குறுக்கே நறுக்கி டிஞ்சர் அயோடின் ஒரு சொட்டு விட்டேன். மூன்று பாத்தித் தண்டும் கருநீலமாயின. மாவு இருக்கிறது, சரி. எதில் அதிகம் என்று கண்ணால் சொல்ல முடியவில்லை.

அப்புறம்தான் இருட்டுச் சோதனை. பாத்திக்கு மூன்று உள்ளங்கை அகலத் துண்டுகளை மண்ணோடு பெயர்த்து, இலையை மழித்து, தண்ணீர் தெளித்து, வெளிச்சம் புகாத பெட்டிக்குள் வைத்தேன். வெளிச்சம் இல்லாமல் வளர்வதெல்லாம் பழைய சேமிப்பின் செலவு. வெளுத்த துளிர்களை வாராவாரம் வெட்டிக் காயவைத்து, நகை நிறுக்கும் சின்னத் தராசில் போட்டேன். நான்கு வாரத்தில் எதுவும் போடாத பாத்தி 0.58 கிராம், யூரியா மட்டும் 0.41, யூரியாவோடு பொட்டாஷ் 0.66.

முதலுக்கும் மூன்றாவதுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் நம்பவில்லை. துண்டுக்குத் துண்டே அவ்வளவு மாறியது. என்னை உட்கார்ந்து யோசிக்க வைத்தது நடுப்பாத்திதான். மேலே மற்ற இரண்டையும்விட உயரமாக நின்ற புல், அடியில் அவ்வளவு காலி! யூரியாவில் உள்ள நைட்ரஜன் இலையைத் தள்ளத் தள்ளச் சர்க்கரையெல்லாம் அதற்கே போயிருக்கிறது. அதே யூரியாவை வாங்கிய மூன்றாவது பாத்தி சேமிப்பை இழக்கவில்லை. அடி இலைகளில் இருந்த நுனிக்கருகலும் அங்கே நின்றுவிட்டது.

வடகிழக்கு மழை தொடங்கிவிட்டதால், இனி பொட்டாஷை ஐந்தைந்து கிராமாக இரண்டு தவணையில் போடுகிறேன். ஜனவரியில் பாத்திக்கு ஆறு துண்டு எடுத்து மறுபடி இருட்டில் வைக்க வேண்டும்.