தள்ளிப்போட்டால் யாருக்கு நஷ்டம்?

"விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து படி" என்ற அறிவுரையை நீலகிரி மாவட்டத்துக் கோத்தகிரிக்கு மாற்றலாகி வந்த பிறகு நான் யாரிடமும் சொல்வதில்லை. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் ஊர் இது. தோட்டத் தொழிலாளர்களின் ஒற்றை அறை லைன் வீட்டில் மற்றவர்கள் ஒரே கம்பளிக்குள் தூங்கும்போது ஒரு பிள்ளை மட்டும் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார முடியாது. சாயங்காலம் டியூஷனுக்குப் போ என்றும் சொல்ல முடியாது. இருட்டிவிட்டால் தேயிலைத் தோட்டத்துப் பாதையில் காட்டெருமை நிற்கும், சில ஊர்களில் கரடி வரும். நேரத்தைத் திட்டமிடுவது பற்றி நாம் கேட்கும் யோசனைகள் பெரும்பாலும் நேரம் நம் கையில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு சொல்லப்படுபவை. இங்கே பிள்ளைகளின் நாளில் பாதியை பஸ்ஸும் மழையும் தண்ணீர்க் குழாயும் எடுத்துக்கொள்கின்றன. மிச்சத்தில்தான் எதை முதலில் செய்வது என்ற கேள்வியே வருகிறது.

அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். ஆசிரியர் மேசைக்கு வரும் எல்லா வேலையும் "இன்றைக்கே" என்று சொல்லிக்கொண்டுதான் வரும். செயலியில் வருகைப் பதிவு, புள்ளிவிவரப் படிவம், ஆதார் திருத்தம், உதவித்தொகை விண்ணப்பம், திருத்தாத விடைத்தாள் கட்டு, நடுவில் ஆசிரியர் வராத வகுப்பைப் பார்த்துக்கொள்ள ஒரு அழைப்பு. ஒரு பயிற்சியில், அமெரிக்க அதிபராக இருந்த ஐசனோவரின் பெயரால் வழங்கும் நான்கு கட்டத்தைப் போட்டுக் காட்டினார்கள். அவசரம் வேறு, முக்கியம் வேறு என்று புரியவைக்க அது நல்ல வழிதான். ஆனால் எது முக்கியம் என்று கட்டம் சொல்லாது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு வழிகாட்டியவர் அப்போது ஓய்வுபெறும் தறுவாயில் இருந்த தமிழய்யா. என் மேசையைப் பார்த்துவிட்டு, "ஒவ்வொண்ணையும் தள்ளிப்போட்டா யாருக்கு நஷ்டம்னு மட்டும் பாருங்கம்மா" என்றார்.

அன்றிலிருந்து அந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் பிரிக்கிறேன். புள்ளிவிவரம் ஒரு நாள் தாமதமானால் எனக்கு ஒரு போன் வரும், அவ்வளவுதான். விடைத்தாளைப் பத்து நாள் கழித்துக் கொடுத்தால், அந்தக் கணக்கை எப்படி யோசித்துப் போட்டோம் என்பதையே பிள்ளை மறந்திருக்கும். நான் சிவப்பு மையில் எழுதியதெல்லாம் வீண். அதனால் விடைத்தாள் முதலில். அதற்காக எழுத்து வேலை எல்லாம் கடைசிக்கு என்றும் இல்லை. எட்டாம் வகுப்பில் எழுதும் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வில் தேர்வானால், ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். அதற்கு வருமானச் சான்று வேண்டும். அதை வாங்க அம்மா தோட்ட வேலைக்கு லீவு போட்டு, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வர வேண்டும். அந்த விண்ணப்பம் என் மேசையில் ஒரு நாள்கூடத் தூங்கக் கூடாது. அது வந்தால் விடைத்தாளே காத்திருக்கட்டும்.

பாடத் திட்டத்துக்கும் இதே கணக்குதான். இந்த மாவட்டத்தில் மழைகூட ஒரே சமயத்தில் பெய்வதில்லை. கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை ஜூனிலிருந்து கொட்டும். கோத்தகிரி, குன்னூர் பக்கம் எங்களுக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிது, அக்டோபர், நவம்பரில். 2009 நவம்பரில் மண்சரிவில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோன மலை இது. மழை விடுமுறையைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. அதனால் இயற்கணிதத்தை மழைக்கு முன்பே முடித்துவிடுவேன். அதில் ஒரு படி விட்டால் அடுத்த படி புரியாது. புள்ளியியலும் நிகழ்தகவும் அப்படியில்லை, நாலு நாள் விட்டுப் பிடித்தாலும் ஓடும்.

பிள்ளைகளுக்கு இதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதில்தான் நிறைய யோசித்தேன். அட்டவணை போட்டு ஒட்டச் சொன்னால் அழகாகக் கோடு போட்டு ஒட்டுவார்கள். அதற்கும் அவர்கள் நாளுக்கும் சம்பந்தம் இருக்காது. வழி ஒரு பையனிடமிருந்து வந்தது. அவர்கள் வீட்டுக்கு அரை ஏக்கர் தேயிலை. சனிக்கிழமை சிறப்பு வகுப்புக்கு ஏன் வருவதில்லை என்று கேட்டேன்.

"இலை பறிக்கணும் டீச்சர்."

"எல்லாத்தையும் ஒரே நாள்ல பறிச்சிடுவீங்களா?"

"முடியாது டீச்சர். மேல் பக்கம் வெயில் நல்லாப் படும், சீக்கிரம் முத்திடும். முத்தின இலையை ஃபேக்டரில எடுக்க மாட்டாங்க, எடுத்தாலும் விலை கம்மி. அதனால மேல முதல்ல. ஓடைப் பக்கம் இன்னும் ரெண்டு மூணு நாள் தாங்கும்."

பறித்த இலை அன்றைக்கே ஃபேக்டரிக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதையும், வண்டி வரும் நேரத்தை வைத்து எத்தனை மணிக்குப் பறிப்பை நிறுத்த வேண்டும் என்பதையும் அவனே விளக்கினான். முன்னுரிமை என்றால் என்ன என்று இவனுக்கு நான் தனியாகப் பாடம் நடத்தத் தேவையே இல்லை. "சரி, உன் பாடத்துல எது முத்திடும், எது தாங்கும்னு எழுதிட்டு வா" என்றேன். வடிவியல் வரைபடம் தினமும் கை வைக்காவிட்டால் போய்விடும் என்றும், முக்கோணவியலில் சூத்திரம் ஏற்கெனவே மனப்பாடம், வாரம் ஒரு தடவை போதும் என்றும் எழுதிக்கொண்டு வந்தான். அதன் பிறகு வகுப்பு முழுக்க இந்த இரண்டு வார்த்தைகள்தான் ஓடின.

தேர்வு அறையிலும் இதையே பழக்குகிறேன். பத்தாம் வகுப்புக் கணக்கில் ஒரு மதிப்பெண் கேள்வி 14. இரண்டு மதிப்பெண்ணில் 14-க்குப் பத்து எழுத வேண்டும், ஐந்து மதிப்பெண்ணிலும் 14-க்குப் பத்து. கடைசியில் வடிவியலும் வரைபடமுமாக எட்டு எட்டு, பதினாறு மதிப்பெண். பிள்ளைகள் முதல் பக்கத்திலிருந்து வரிசையாகத்தான் வருவார்கள். வராத ஒரு ஐந்து மதிப்பெண் கணக்கோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு, கைக்கு வரும் பதினாறு மதிப்பெண்ணை மணியடிக்கும் நேரத்தில் அவசர அவசரமாக வரைவார்கள். வினாத்தாள் படிக்கக் கொடுக்கும் பத்து நிமிடத்தைப் பலர் சும்மா கழிக்கிறார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் எந்தக் கேள்வியை விடப்போகிறோம் என்று முடிவுசெய்யச் சொல்கிறேன். விடுவது அவர்களுக்குச் சிரமமாக இருக்கிறது. எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தால்தான் நல்ல மாணவர் என்று நாம்தானே பழக்கியிருக்கிறோம்.

பெண் பிள்ளைகள் விஷயம் இப்படி எளிதில் முடிவதில்லை. ஒரு மாணவி எழுதிக் கொடுத்த மாலைப் பட்டியல்: ஐந்தரைக்கு வீடு. குழாயில் தண்ணீர் வரும் நேரம், பிடிக்க வேண்டும். அடுப்பு. தம்பிக்கு வீட்டுப்பாடம். பாத்திரம். ஒன்பது மணிக்குப் புத்தகம், ஒன்பதரைக்குத் தூக்கம். இதில் எதை அவள் தள்ளிப்போடுவாள்? தண்ணீர் காத்திருக்காது, பசியும் காத்திருக்காது. தமிழய்யாவின் கேள்வியை இங்கே கேட்டால் பதில் எல்லா வரிக்கும் நேரே அந்தக் குடும்பம்தான், புத்தகத்துக்கு நேரே மட்டும் அவள் ஒருத்தி. அதனால்தான் அது கடைசிக்குப் போகிறது. நேரத்தைச் சரியாகப் பயன்படுத்து என்று அவளிடம் சொல்வது அநியாயம். பட்டியலில் வேறு பெயர்கள் வர வேண்டும்.

பெற்றோர் கூட்டத்தில் அந்தத் தாளை அவள் அம்மாவிடம் காட்டினேன். தம்பி எட்டாம் வகுப்பு, நல்ல உயரம். அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அவனும் குடம் தூக்கட்டும் டீச்சர், கை என்ன தேஞ்சா போயிடும்" என்றார். எல்லா வீட்டிலும் இப்படி நடப்பதில்லை. ஒரு அப்பா, "எங்க வீட்டு வேலையைப் பத்தி நீங்க ஏன் பேசறீங்க" என்று எழுந்து போய்விட்டார். அவரிடம் அடுத்த கூட்டத்திலும் பேசத்தான் போகிறேன்.

இப்போது எட்டாம் வகுப்பிலிருந்தே இந்தப் பட்டியலை எழுதவைக்கிறேன், பையன்களையும் சேர்த்து. வீட்டில் இருக்கும் எல்லோருடைய பெயரும், அவரவர் மாலை வேலையும் அதில் இருக்க வேண்டும். தன் பெயருக்கு நேரே டிவி, கிரிக்கெட் என்று மட்டும் எழுதிக்கொண்டு வந்த பையன்கள் நிறையப் பேர். அக்காவின் வரியிலிருந்து ஒரு வேலையை எடுத்துத் தன் வரியில் எழுதி, ஒரு வாரம் செய்துவிட்டு, அக்காவிடம் கையெழுத்து வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன்.