இரண்டாவது கார் எடுக்க முதல் அம்மாவை ஒருக்கா இருத்திப் பாருங்கள்

வீட்டில் ஏற்கெனவே ஒரு கார் நிற்கும்போது இன்னொரு பழைய கார் எடுக்கப்போகிறேன் என்று யாழ்ப்பாணத்தில் வாய் திறந்தால் முதல் வரும் கேள்வி, "என்ன நம்பர்?" அடுத்தது எத்தனை கிலோமீற்றர் ஓடினது, அதற்கடுத்தது லீற்றருக்கு எவ்வளவு போகும். அதில் ஆர் ஏறப்போகினம் என்று ஒருவரும் கேட்பதில்லை. எங்கள் வீட்டில் ஏறப்போவது அம்மா. இரண்டு முழங்காலும் நோ, வாக்கர் பிடித்துத்தான் நடை. இடைக்கிடை மாமியும் வருவார், அவருக்கு இடுப்பு.

இருக்கிற கார் நிசான் சன்னி, பி 15. குறை சொல்ல ஒன்றுமில்லை, மனைவி வேலைக்கு அதைத்தான் கொண்டுபோகிறார். ஆனால் அது உயரம் குறைந்த, பதிந்த கார். அம்மா ஏறுகிற விதத்தை ஒருநாள் ஆறுதலாக நின்று பார்த்தேன். முதலில் வெளியே பார்த்தபடி முதுகைக் காட்டி நின்று, கதவைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லப் பதிந்து, கடைசி நாலு விரற்கடையில் பிடி விட்டு "தொப்" என்று விழுவார். பிறகு காலை ஒவ்வொன்றாகக் கையால் தூக்கி உள்ளே வைப்பார். இறங்குவது இன்னும் மோசம், நான் இரண்டு கையையும் பிடித்து இழுக்கவேண்டும். காரணம் பெரிய விஞ்ஞானம் இல்லை. சீற் முழங்காலுக்குக் கீழே போனால் எழும்பும்போது முழுப் பாரமும் முழங்காலில்தான் விழும். வீட்டில் அம்மா தனியாக எழும்புகிற கதிரை 45 சென்ரிமீற்றர் உயரம், கட்டில் அதைவிடக் கொஞ்சம் கூட. அப்ப காரின் சீற்றும் கட்டில் உயரத்துக்குக் கிட்ட வந்தால் போதும், இருந்துவிட்டு அப்படியே திரும்பலாம்.

அதனால் கார் பார்க்கப் போகிற இடமெல்லாம் அளவு நாடா கொண்டுபோனேன். பொனற்றைத் திறக்கச் சொல்லாமல் பின்கதவைத் திறந்து நிலத்திலிருந்து சீற் விளிம்புக்கு அளந்தால் புரோக்கர்மார் ஒரு மாதிரித்தான் பார்த்தார்கள். இன்னும் இரண்டு அளவு இருக்கிறது, அதையும் எடுங்கள். ஒன்று கதவுக்குக் கீழே இருக்கிற கட்டு எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம். கால் தடக்குவது அதில்தான். மற்றது சீற் விளிம்பிலிருந்து முன் சீற்றின் முதுகு மட்டும் உள்ள இடைவெளி. பாதத்தைத் திருப்ப இடமில்லை என்றால் உள்ளே எவ்வளவு இடம் இருந்தும் பிரயோசனம் இல்லை.

கனடாவில் இருக்கிற அண்ணா வட்ஸ்அப்பில் வந்து, "வான் ஒன்று எடு, ஓகஸ்ட்டில நல்லூர்த் திருவிழாவுக்கு எல்லாரும் வந்தால் ஒன்றாகப் போகலாம்" என்றார். வருசத்தில் இரண்டு கிழமை வருகிற ஆக்களுக்காக மிச்ச ஐம்பது கிழமையும் அம்மா மலை ஏற முடியாது. டவுன்ஏஸ், எவ்ரி மாதிரி வான்களில் எஞ்சின் முன் சீற்றுக்குக் கீழே இருக்கிறது, அதனால் முன்னுக்கு இருப்பவர் காலைத் தூக்கித்தான் ஏறவேண்டும். பின்னுக்கு இழுவைக் கதவு நல்லதுதான், ஆனால் தளம் உயரம். மிதிபடி போட்டாலும் முழங்கால் மடியத்தானே வேணும்.

சுசுகி வாகன்-ஆரில் (Wagon R) ஏறிப் பார்த்தோம். உண்மையைச் சொன்னால் இருக்கிற உயரத்தில் அதை அடிக்க ஆளில்லை. கூரை உயரம், அம்மா குனியாமல் இருந்தார். ஆனால் ஜப்பானின் 660 சிசி சின்னக் கார் வகுப்பு என்பதால் அகலம் 1.48 மீற்றர்தான், நாலு பேருக்கு என்று செய்தது. அம்மா, மாமி, வாக்கர், பிள்ளைகள் என்று போட்டால் இறுகிப்போகும். விலையும் இருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தின பிறகு பழைய கார்களின் விலை எங்கே போனது என்று எல்லாருக்கும் தெரியும், வாங்கின விலையைவிடக் கூட விற்றவர்கள் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிறார்கள். 2025 பெப்ரவரியில் திறந்துவிட்டார்கள், ஆனால் வரியைப் பார்த்தால் புதுசைப் பற்றி யோசிக்கவே ஏலாது. ஹொண்டா ஃபிட்டில் பெற்றோல் ராங்கி முன் சீற்றுக்குக் கீழே என்பதால் பின்னுக்கு நல்ல இடம். ஹைபிரிட்டை மட்டும் நான் தள்ளிவிட்டேன். இரண்டாவது கார் என்பது கூடுதலாக நிற்கிற கார், வயது போன ஹைபிரிட் பற்றறியை நிற்பாட்டி வைத்திருக்கிற துணிவு எனக்கு இல்லை.

எடுத்தது ரொயோட்டா ராவும் (Raum), 1998. 1997இல் வந்த முதல் மொடல். பலருக்குப் பெயரே தெரியாது, அதுவும் விலை குறையக் காரணமாக இருக்கலாம். பின்கதவு இரண்டும் இழுவை, தளம் மட்டம், கியர் ஸ்ரேறிங்குக்குப் பக்கத்தில் என்பதால் முன்னுக்கு இரண்டு சீற்றுக்கும் நடுவில் ஒன்றும் தடக்காது. 2003இல் வந்த அடுத்த மொடலில் இடது பக்கம் நடுத்தூணே இல்லை, இரண்டு கதவையும் திறந்தால் ஒரு பெரிய வாசல். அது அகப்பட்டால் விடாதீர்கள், எனக்கு அகப்படவில்லை. போர்ட்டே என்று இன்னொன்று இருக்கிறது, இடது பக்கம் முழுக்க ஒரே ஒரு பெரிய இழுவைக் கதவு. ஜப்பானும் எங்களைப்போல இடது பக்கம் ஓட்டுகிற நாடு என்பதால் இந்த வசதிகள் எல்லாம் சரியாக எங்கள் வீதி ஓரப் பக்கத்துக்கே வருகின்றன. போர்ட்டேயின் கதவு மின்சாரத்தில் ஓடுவது, மோட்டார் போனால் செலவு. கையால் இழுக்கிறது போதும்.

இழுவைக் கதவின் அருமை எங்கள் ஒழுங்கையில்தான் தெரியும். ஒரு பக்கம் மதில், மற்றப் பக்கம் கதிகால் வேலி. சாதாரண கதவு பாதிதான் திறபடும், அந்தப் பாதிக்குள்ளால்தான் அம்மா நுழைய வேண்டும். பெரியாஸ்பத்திரிக்கு முன்னால் நிற்பாட்டி இறக்குகிறபோதும் இதே கதைதான், பக்கத்தில் உரசிக்கொண்டு ஓட்டோ நிற்கும். ராவுமில் ஏறி இருந்தவுடன் அம்மா சொன்னது: "ஐயாவின்ர ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் மாதிரி நிமிர்ந்து இருக்கலாம்." தொண்ணூறுகளில் பெற்றோல் வராத காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடின கார் அது, புகையைப் பற்றி அம்மா இப்ப கதைப்பதில்லை.

பழசு என்றால் எஞ்சினைவிடக் கறளைப் பாருங்கள். எஞ்சினை இங்கே எந்தக் கராஜிலும் செய்விக்கலாம், ராவுமில் இருக்கிறது 5ஈ எஞ்சின், அந்த ஈ எஞ்சின் குடும்பம் கோர்சா, ஸ்ரார்லெற் கார்களிலும் வந்ததுதான், கராஜ் பாஸ்மாருக்குப் பழக்கம். ரைமிங் பெல்ற் எப்ப மாற்றினது என்று கேளுங்கள், பதில் தெளிவில்லை என்றால் வாங்கினவுடன் மாற்றுங்கள். ஆனால் தளம் உக்கினால் ஒன்றும் செய்ய ஏலாது. எங்களுக்கு எந்தப் பக்கம் போனாலும் கடல்காற்று. காப்பெற்றைத் தூக்கிப் பாருங்கள், ஸ்பெயார் ரயர் இருக்கிற குழியைப் பாருங்கள், இழுவைக் கதவு ஓடுகிற கீழ்த் தண்டவாளத்தை விரலால் தடவிப் பாருங்கள், அங்கேதான் மண்ணும் தண்ணியும் தங்கும். பொக்கற்றில் ஒரு சின்னக் காந்தம் வைத்திருங்கள், புட்டி தடிப்பாகப் பூசின இடத்தில் ஒட்டாது. சீற் பெல்ற்றைக் கடைசி மட்டும் இழுங்கள். வெள்ளத்தில் நின்ற கார் என்றால் உள்ளே சுற்றியிருந்த பகுதியில் சேற்றுக்கோடு தெரியும். நான் பார்த்த ஒரு வெள்ளைக் காரில் தெரிந்தது. விற்றவர் அது பிள்ளை கொட்டின தேத்தண்ணி என்றார். அந்தப் பிள்ளை சீற் பெல்ற்றுக்குள்ளேயே இருந்து குடித்திருக்க வேண்டும்.

பேப்பர் விஷயம் சுருக்கமாக. காரின் பதிவுப் புத்தகத்தில் உள்ள சாசி இலக்கத்தைக் காரில் அடித்திருக்கிற இலக்கத்தோடு நீங்களே நேரில் ஒப்பிடுங்கள். பெயர் மாற்றாமல் கைமாறிக் கைமாறி ஓப்பின் பேப்பரில் வருகிற காரை மலிவு என்று எடுக்காதீர்கள், முதல் உரிமையாளர் வெளிநாட்டில் இருப்பார், கையெழுத்துக்கு நீங்கள் அலையவேண்டி வரும்.

ராவுமில் எனக்குப் பிடிக்காததும் இருக்கிறது. டிக்கிக் கதவு மேலே தூக்காமல் பக்கவாட்டில் திறப்பது, பின்னுக்கு மதிலோடு நெருக்கி விட்டால் வாக்கரை எடுக்க முடியாது. தென்னைக்குக் கீழே விடாமல் இருக்கத் தகரக் கொட்டில் ஒன்று போடவேண்டியும் வந்தது. இப்ப இடது பக்கக் கதவின் கீழ் றோலர் தேய்ந்து, இழுக்கும்போது நடுவில் ஒருக்காச் சிக்குகிறது. யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ பாவித்த றோலர் வைத்திருக்கிற கடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள், கதவோடு சேர்த்துத்தான் விற்பேன் என்கிற கடையை நானே கண்டுபிடித்துவிட்டேன்.