கம்பி மாறும் இடம்

கிட்டார் பயிற்சி என்றால் யாரும் முதலில் சொல்வது 1-2-3-4தான். ஆள்காட்டி விரலில் தொடங்கி சுண்டுவிரல் வரை அடுத்தடுத்த நான்கு ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளுக்கு இடையிலான கட்டம்) வைத்து, ஆறு கம்பியிலும் ஏறி இறங்க வேண்டும். நானும் அதை மாதக்கணக்கில் தினமும் வாசித்தேன், சீராகத் தட்டு ஒலிக்கும் கருவியான மெட்ரோனோமைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி நிமிடத்துக்கு 120 தட்டு வரை வந்துவிட்டேன், ஆனால் ஒரு சாதாரண மெலடியை எடுத்தால் அதே இடத்தில் அதே தடுமாற்றம். பயிற்சி வருகிறது, பாட்டு வரவில்லை. ரொம்ப நாள் இது என்னை வாட்டியது.

ஒரு நாள் மெட்ரோனோமை 50க்கு இறக்கி, ஒரு தட்டுக்கு ஒரு சுரம் மட்டும் வாசித்தேன். வாசிக்கிற விரலை விட்டுவிட்டு, சும்மா இருக்கிற விரல்களைப் பார்த்தேன். ஆள்காட்டி விரல் அழுத்தும்போதெல்லாம் சுண்டுவிரல் கம்பியை விட்டு எங்கோ மேலே போய் விறைத்து நிற்கிறது! அதன் முறை வரும்போது அவ்வளவு தூரமும் திரும்பி வந்தாக வேண்டும். மெதுவாக வாசிக்கும்போது அதற்கு நேரம் கிடைக்கும், வேகத்தில் எங்கிருந்து கிடைக்கும்?

இதில் கையின் அமைப்புக்கும் பங்கு உண்டு. உள்ளங்கையை மேசைமேல் வைத்து, நடுவிரலை மட்டும் உள்ளே மடக்கிக்கொண்டு மோதிரவிரலைத் தூக்கிப் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு அசையவே அசையாது, ஏனென்றால் புறங்கையில் இந்த விரல்களின் தசைநாண்கள் ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றன. அதனால் மோதிரவிரலும் சுண்டுவிரலும் முழுதாகப் பிரிந்து இயங்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். விரல்கள் கம்பிக்குப் பக்கத்திலேயே நிற்கப் பழகினால் போதும். நான் செய்வது இதுதான்: அடுத்த விரல் ஊன்றும் வரை முந்தைய விரலை எடுக்காமல் வைத்திருப்பேன், எடுத்தாலும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் போக விடமாட்டேன்.

அப்புறம் அழுத்தம். 6ஆவது ஃப்ரெட்டில் விரலைக் கம்பிமேல் லேசாக வைத்துக்கொண்டு பிக்கால் (கம்பியை மீட்டும் சிறு தகடு) தட்டிக்கொண்டே இருங்கள். முதலில் 'டப்' என்று செத்த ஒலி வரும், கொஞ்சம் அழுத்தினால் கரகரக்கும், இன்னும் துளி அழுத்தினால் சுரம் பளிச்சென்று ஒலிக்கும். அங்கேயே நிறுத்துங்கள், அவ்வளவு அழுத்தம் போதும். நான் அதைவிட எவ்வளவோ கூடுதலாக அழுத்திக்கொண்டிருந்தேன், கட்டைவிரலின் அடிச்சதை வலித்ததற்கு அதுதான் காரணம். விரல் ஃப்ரெட்டின் உலோகக் கோட்டை ஒட்டி, அதற்குச் சற்றுப் பின்னால் இருந்தால் இன்னும் குறைவாகவே அழுத்த வேண்டியிருக்கும்.

தொடங்குகிறவர்கள் 5ஆவது ஃப்ரெட்டுக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். 650 மில்லிமீட்டர் கம்பி நீளமுள்ள கிட்டாரில் முதல் ஃப்ரெட்டின் அகலம் சுமார் 36 மில்லிமீட்டர், 7ஆவதில் அது 26தான். கை பழகிய பிறகு முதல் ஃப்ரெட் பக்கம் வரலாம்.

சரி, வலது கைக்கு வருவோம், என் உண்மையான சிக்கல் அங்கேதான் இருந்தது. ஒரே கம்பியில் டவுன் (மேலிருந்து கீழே), அப் (கீழிருந்து மேலே), டவுன், அப் என்று யாரும் வாசித்துவிடலாம். கம்பி மாறும்போதுதான் பிக் மாட்டும். மேலே இருக்கிற, எல்லாவற்றிலும் தடித்த 6ஆவது கம்பியில் நான்காவது சுரத்தை அப்பில் முடித்தால் பிக் அந்தக் கம்பிக்கு மேலே நிற்கும், 5ஆவது கம்பியை டவுனில் அடிக்க 6ஆவதைத் தாண்டி இரண்டுக்கும் நடுவில் இறங்க வேண்டும். இதை இன்சைட் பிக்கிங் என்பார்கள். மெல்லிய கம்பியிலிருந்து தடித்த கம்பிக்குத் திரும்பும்போது நேர்மாறு, இரண்டு கம்பிக்கும் வெளிப்பக்கமாகச் சுற்றி வர வேண்டும், அது அவுட்சைட். 1-2-3-4 வாசித்தால் ஏறும்போது முழுக்க ஒரு வகை, இறங்கும்போது முழுக்க இன்னொரு வகை. ஆனால் கம்பிக்கு மூன்று சுரம் வருகிற ஸ்கேலில் (சுர வரிசையில்) இரண்டும் மாறி மாறி வரும். பயிற்சியில் 120ஐத் தொட்ட கை மெலடியில் தடுமாறியது இதனால்தான்.

ஆகவே இடது கையை முழுக்க விட்டுவிட்டேன். இரண்டு திறந்த கம்பி மட்டும், தடித்ததில் டவுன், மெல்லியதில் அப், இரண்டு நிமிடம். பிறகு அதைத் திருப்பி, தடித்ததில் அப், மெல்லியதில் டவுன், இன்னும் இரண்டு நிமிடம். பிக்கின் நுனி இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் வெளியே தெரிய வேண்டும், அதிகம் நீட்டினால் கம்பிக்குள் ஆழமாகப் போய் அங்கேயே சிக்கும். ஒரு கையை மட்டும் தனியாகப் பழக்குவது புது யோசனையும் இல்லை. இத்தாலியக் கிட்டார் கலைஞர் மவுரோ ஜூலியானி (1781–1829) வலது கைக்கென்று 120 பயிற்சிகள் எழுதினார், அவற்றில் இடது கைக்கு சி, ஜி7 என்ற இரண்டு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டு) மட்டும்தான்.

இடது கைக்கு இப்போது 1-2-3-4ஐ விட்டுவிட்டேன். நான்கு விரலை 24 விதமாக வரிசைப்படுத்தலாம், அதில் தினம் இரண்டு எடுக்கிறேன், மோதிரவிரலும் சுண்டுவிரலும் அடுத்தடுத்து வருகிற வரிசைகளுக்கே முன்னுரிமை. மொத்தம் இருபது நிமிடம்தான். விரல் நுனி எரிந்தால் பரவாயில்லை, ஆனால் மணிக்கட்டில் வலியோ விரலில் மரத்துப்போவதோ தெரிந்தால் உடனே கிட்டாரைக் கீழே வைத்துவிடுங்கள், இதில் மட்டும் பிடிவாதம் வேண்டவே வேண்டாம்.

நேற்று கம்பிக்கு மூன்று சுரம் வருகிற ஸ்கேலை 92இல் வாசித்தேன். 3ஆவது கம்பியிலிருந்து 2ஆவதுக்குப் போகும்போது மட்டும் பிக் இன்னும் லேசாக உரசுகிறது. இன்றைக்கு அந்த இரண்டு கம்பி மட்டும், 60இல்.