குளிர் பட்டால் தடிக்கிற உடம்பு

கேத்தி பாலாடாவில் கேரட் கழுவும் இடத்தில் எனக்கு வேலை. கணக்கும் பார்ப்பேன், ஆள் குறைந்தால் மூட்டையும் பிடிப்பேன். விடிவதற்கு முன்பே தோட்டத்திலிருந்து லோடு வந்துவிடும். கழுவி, மூட்டை கட்டி மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்ப வேண்டும். ஒரு பனிக்காலத்தில் கையிலும் தொடையிலும் திட்டுத் திட்டாகத் தடிப்பு வர ஆரம்பித்தது. சிவந்து மேடு தட்டும், அரிப்பு உயிரை எடுக்கும். அடுப்பில் கையைக் காய்ச்சினால் இன்னும் மோசம். மத்தியானத்துக்குள் வந்த சுவடே இருக்காது.

அம்மா பார்த்தவுடனே காணாக்கடி என்றார். கத்தரிக்காய், கருவாடு, முட்டை எல்லாம் நின்றன. அருகம்புல்லும் மிளகும் வெற்றிலையும் போட்ட கஷாயம் தினமும் வந்தது. தோட்டத்தில் அடிக்கிற மருந்துதான் என்றார்கள் லோடுமேன்கள். கம்பளிப்பூச்சி என்றார் பக்கத்து வீட்டு அக்கா. ஒவ்வொன்றாலும் சிலருக்குத் தடிக்கும் என்பதால் யாரையும் மறுக்க முடியவில்லை. ஆனால் வெயில் அடிக்கிற நாளில் அம்மாவுக்குத் தெரியாமல் கருவாடு தின்றாலும் ஒன்றும் ஆகவில்லை. பனிக்காற்றில் பைக்கில் ஊட்டிக்குப் போனால் வெறும் வயிற்றோடு இருந்தாலும் வந்தது.

டாக்டரிடம் போய்ச் சேரும்போது தோல் சுத்தமாக இருக்கும். அதனால் வரும்போதெல்லாம் போனில் படம் எடுத்து வைத்தேன். தோல் டாக்டர் அதைத்தான் முதலில் பார்த்தார். ஒரே தடிப்பு ஒரு நாளைக்கு மேல் நிற்கிறதா, மறையும்போது கன்றிப்போன மாதிரி கறை விடுகிறதா, வலி மாத்திரை போடுவதுண்டா, உதடோ கண்ணிமையோ வீங்குமா என்று கேட்டார். எதனால் என்று கண்டுபிடிக்கப் பெரிய அலர்ஜி டெஸ்ட் எடுக்கலாமா என்றேன். "வேண்டாம், காசுக்குப் பிடித்த கேடு" என்றார். 6 வாரத்துக்கு மேல் தொடர்ந்து வருகிற தடிப்பில் பெரும்பாலும் வெளியே காரணம் எதுவும் சிக்காதாம். சாதாரண ரத்தப் பரிசோதனையும் தைராய்டும் மட்டும் எழுதினார்.

அப்புறம் ஐஸ் கட்டி. பாலிதீன் பையில் போட்டு வைப்பார்களாம். பாலிதீனுக்குத் தடை இருக்கிற நீலகிரியில் அதற்கு எங்கே போவது? ரப்பர் கையுறைக்குள் கட்டியைப் போட்டு என் முன்கையில் 5 நிமிடம் வைத்தார். எடுத்தபோது தோல் லேசாகச் சிவந்திருந்தது, அவ்வளவுதான். கை சூடாக ஆரம்பித்ததும் கட்டி இருந்த அளவுக்கே தோல் உப்பி எழுந்தது. அடுப்பில் காய்ச்சியபோது ஏன் கூடியது என்பதும் அப்போதுதான் விளங்கியது: குளிர்ந்த தோல் திரும்பச் சூடேறும்போதுதான் தடிப்பு முழுசாக எழும்புமாம்.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய பழைய வகை அலர்ஜி மாத்திரை அரிப்பை அடக்கியது, ஆனால் கொண்டை ஊசி வளைவில் கண்ணைச் சொருகியது. டாக்டர் தந்தது தூக்கம் அதிகம் வராத பிலாஸ்டின். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் போட வேண்டும். தடிப்பு வந்தாலும் வராவிட்டாலும் தினமும் போட வேண்டும். ஒன்று போதாததால் அவரே அளவைக் கூட்டினார். இந்த வகை மாத்திரையை டாக்டர் சொன்னால் நாலு மடங்கு வரை கூட்டலாமாம், நாமாகச் செய்யக்கூடாது. அதற்கும் அடங்காதவர்களுக்கு ஊசி இருக்கிறது, எனக்குத் தேவைப்படவில்லை.

இப்போது நூல் கையுறைக்கு மேல் ரப்பர் கையுறை, மங்கி கேப், வெந்நீர்க் குளியல். ஐஸ்கிரீம் கிடையாது, தொண்டைக்குள்ளேயே வீங்கிவிடலாம். மூச்சு முட்டினாலோ தலை சுற்றினாலோ மாத்திரையை நம்பி உட்காராமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். ஆபரேஷன் எதுவானாலும் மயக்க மருந்து டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

குளிர்ந்த தண்ணீரில் முழு உடம்பும் முங்குவதுதான் இதில் பெரிய ஆபத்து. ரத்த அழுத்தம் இறங்கி ஆள் தண்ணீருக்குள்ளேயே மயங்கிவிடலாம். அதனால் பசங்களோடு குற்றாலம் போனாலும் துணிமணிக்குக் காவல் நான்தான்.