கிளெண்டா ஜாக்சன்: 42 ஓட்டும் லியர் அரசனும்

2010 பிரிட்டிஷ் பொதுத் தேர்தலில் லண்டனின் ஹாம்ப்ஸ்டெட் அண்ட் கில்பர்ன் தொகுதியில் லேபர் கட்சி வென்றது 42 ஓட்டு வித்தியாசத்தில். தேர்தல் பணியில் வாக்கு எண்ணும் மேசையில் உட்கார்ந்த ஆசிரியை நான். வித்தியாசம் நூறுக்குள் வந்துவிட்டால் எண்ணும் அறையில் யாரும் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். லண்டனில் அப்படி 42 ஓட்டில் ஜெயித்தவர், இரண்டு முறை ஆஸ்கர் வாங்கிய நடிகை கிளெண்டா ஜாக்சன். அவரைப் பற்றித் தமிழில் யாரும் அதிகம் எழுதிப் பார்த்ததில்லை. எனக்கு மிகவும் பிடித்த நடிகை என்பதால் நானே எழுதிவிடுகிறேன்.

லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பர்க்கன்ஹெட்டில் 1936-ல் பிறந்தவர். அப்பா கொத்தனார். படிப்பை முடித்ததும் பூட்ஸ் மருந்துக் கடையில் இரண்டு வருஷம் வேலை பார்த்தார். அப்புறம் உதவித்தொகை கிடைத்து, லண்டனில் ராடா நாடகப் பள்ளியில் சேர்ந்தார். வெளியே வந்த பிறகும் பல வருஷம் சின்ன ஊர் நாடகக் குழுக்கள்தான். நடுவில் வேலையே இல்லாத மாதங்கள்.

திருப்பம் 1964-ல் வந்தது. ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியில் பீட்டர் புரூக் இயக்கிய ‘மாரா/சாட்’ நாடகத்தில், மனநலக் காப்பகத்து நோயாளி ஒருத்தி, பிரெஞ்சுப் புரட்சித் தலைவர் மாராவைக் கொன்ற ஷார்லட் கோர்டேயாக நடிக்கிறாள். அந்த நோயாளிதான் கிளெண்டா. காப்பகத்தில் அந்த நாடகத்தை நடத்தும் எழுத்தாளன் சாட் பிரபுவைச் சாட்டையால் அடிக்க வேண்டிய இடத்தில் அவர் கையில் சாட்டை இல்லை. தன் நீளமான தலைமுடியை வீசி வீசி அவன் முதுகில் அடிக்கிறார். புரூக்கே அதைப் பின்னால் படமாகவும் எடுத்தார். முடி முதுகில் படும்போது ஒரு நடிகை இவ்வளவு சாந்தமாக இவ்வளவு பயமுறுத்த முடியுமா என்று இருக்கும்.

பிறகு சினிமா. கென் ரஸ்ஸல் இயக்கிய ‘விமன் இன் லவ்’ படத்துக்கு முதல் ஆஸ்கர். அதில் கொம்பு நீண்ட மாட்டுக் கூட்டத்துக்கு எதிரே தனியாக ஆடிக்கொண்டே போவார், பின்வாங்குவது மாடுகள்தான். 1973-ல் வந்த ‘எ டச் ஆஃப் கிளாஸ்’ நகைச்சுவைப் படத்துக்கு இரண்டாவது ஆஸ்கர். இரண்டு விழாவுக்குமே அவர் போகவில்லை.

ஆனால் என்னைக் கேட்டால் அந்தக் காலத்து வேலைகளில் உச்சம், 1971-ல் பிபிசி எடுத்த ‘எலிசபெத் ஆர்’ தொடர்தான். முதலாம் எலிசபெத் அரசியின் உயர்ந்த நெற்றிக்காகத் தன் முடியைச் சிரைத்துக்கொண்டார். இளவரசியாக உயிருக்குப் பயந்து நிற்பதில் தொடங்கி, வெள்ளைப் பூச்சு அப்பிய கிழ அரசி வரை ஆறு பகுதிகள். வயது கூடக் கூட முதுகு வளைவதைவிடப் பேச்சு மாறுவதுதான் நம்மைப் பிடிக்கும்: சொற்கள் குறைந்து, ஒவ்வொன்றும் ஆணையாக விழும்.

1992-ல் நடிப்பை அப்படியே விட்டார். கன்சர்வேடிவ் கட்சியின் கையில் இருந்த ஹாம்ப்ஸ்டெட் தொகுதியில் நின்று வென்று, 23 வருஷம் எம்.பி.யாக இருந்தார். பிரதமர் டோனி பிளேரின் லேபர் அரசில் கொஞ்ச காலம் போக்குவரத்துத் துறை இணை அமைச்சர். அதே பிளேரை ஈராக் போரில் எதிர்த்தார். 2013-ல் கன்சர்வேடிவ் கட்சியின் முன்னாள் பிரதமர் தாட்சர் இறந்தபோது நாடாளுமன்றமே புகழ்ந்துகொண்டிருக்க, இவர் எழுந்து, அந்த ஆட்சியில் கடை வாசல்கள் வீடற்றவர்களுக்குப் படுக்கையறையானதைச் சொன்னார். எதிர் வரிசை கூச்சல் போட்டது. அவர் நிறுத்தவில்லை. மருந்துக் கடைக் கவுண்டரில் நின்ற பெண் பேசியது என்றே எனக்குக் கேட்டது.

2015-ல் பதவிக் காலம் முடிந்தது. மறு வருஷம், 80 வயதில், லண்டன் ஓல்ட் விக் அரங்கில், நாட்டை மகள்களுக்குக் கொடுத்துவிட்டு எல்லாம் இழக்கும் லியர் அரசனாக ஏறினார். ராணியாக மாற்றிய வேடம் இல்லை, அரசனேதான். கால் நூற்றாண்டு மேடையை மிதிக்காதவர், ஷேக்ஸ்பியரின் மிகக் கனமான வேடத்தைத் தினமும் சுமந்தார். 2018-ல் பிராட்வேயில் ‘த்ரீ டால் விமன்’ நாடகத்துக்கு டோனி விருதும் வாங்கினார். அந்த 23 வருஷம் கலைக்கு நஷ்டம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அதிகாரம் கைமாறினால் மனிதர்கள் எப்படிப் பேச்சை மாற்றுவார்கள் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் அவர். லியருக்கு வேறென்ன ஒத்திகை வேண்டும்?

‘எலிசபெத் இஸ் மிஸ்ஸிங்’ (2019) என்ற தொலைக்காட்சிப் படத்தைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. மறதி நோய் வந்த மாட் என்ற பாட்டி, காணாமல் போன தோழியைத் தேடுகிறாள். ஞாபகத்துக்கு எழுதி வைத்த துண்டுச் சீட்டுகள்தான் துணை. என் மாமியாருக்கு அந்த நோய் முற்றியிருந்த சமயம் இதைப் பார்த்தேன். சினிமாவில் இப்படிப்பட்ட பாட்டிகள் மலங்க மலங்க விழிப்பார்கள். மாட் கோபப்படுகிறாள். தன்னை யாரும் நம்பவில்லை என்ற கோபம். அத்தை சாவிக் கொத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டபோது அவர் முகத்தில் இருந்ததும் அதுதான். அதைக் குழப்பம் என்றே வீட்டில் எல்லோரும் எடுத்துக்கொண்டிருந்தோம். அப்புறம் “அப்பவே சொன்னேனே அத்தை” என்று சொல்வதை விட்டுவிட்டு, நானும் கூடச் சேர்ந்து தேட ஆரம்பித்தேன்.

2023 ஜூன் 15-ல், 87 வயதில் இறந்தார். மைக்கேல் கெய்னின் மனைவியாக அவர் நடித்து முடித்திருந்த ‘தி கிரேட் எஸ்கேப்பர்’ அந்த அக்டோபரில் வெளியானது. இதே ஜோடி 1975-லும் ஒரு படத்தில் கணவன் மனைவி. புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்கள் ‘எலிசபெத் ஆர்’ முதல் பகுதியிலிருந்து ஆரம்பியுங்கள். காட்சிகள் மெதுவாகத்தான் போகும், அவசரப்படாமல் பாருங்கள்.