டார்ச் வெளிச்சத்தில் தெரிந்தது

குளிக்கும்போதுதான் முதலில் கவனித்தேன். வலப்பக்க விரை இடதைவிடக் கொஞ்சம் பருத்திருந்தது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. மளிகைக் கடையில் நாள் முழுக்க நிற்கிற வேலை, அதனால் இருக்கும் என்று விட்டுவிட்டேன். எட்டு மாதத்தில் அது மாங்காய் அளவுக்கு வந்துவிட்டது. பேன்ட்டை விட்டு வேட்டிக்கு மாறினேன். அதையும் தளர்வாக, முன்பக்கம் நிறைய மடிப்பு விழும்படி கட்டப் பழகினேன்.

எங்களுக்குக் கும்பகோணம் பக்கம். யானைக்கால் என்றாலே எங்கள் ஊர்ப்பேரைச் சொன்ன காலம் ஒன்று உண்டு. அதே கிருமியால் வருகிற விரைவீக்கத்தோடு தெருவில் நடந்துபோன பெரியவர்களைப் பையன்கள் என்னென்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று எனக்குத் தெரியும். நானும் கூப்பிட்டிருக்கிறேன். அதை நினைத்தே வீட்டில்கூட வாய் திறக்கவில்லை. "என்னங்க, ஏன் கால அகட்டி அகட்டி நடக்கறீங்க?" என்று மனைவி கேட்ட அன்றுதான் சொன்னேன். மறுநாளே கிளம்ப வைத்தாள்.

முதலில் போனது பக்கத்து ஊரில் ஒரு கிளினிக். ஸ்கேன் எதுவும் பார்க்கவில்லை. ஊசி குத்தி நீரை உறிஞ்சி எடுத்தார்கள். வைக்கோல் ஊறிய தண்ணீர் மாதிரி மஞ்சளாக, ஒரு டம்ளர் நிறைய. வீடு திரும்பும்போது உடம்பே லேசாகிவிட்டது போலிருந்தது. பத்து வாரத்தில் பழைய அளவு திரும்பி வந்தது. விரையைச் சுற்றி நீரைச் சுரக்கிற உறை உள்ளேயே இருக்கும்போது, நீரை மட்டும் எடுத்தால் மறுபடி ஊறத்தான் செய்யும் என்பதை அங்கே யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

பிறகு அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சைப் பிரிவு. இளம் டாக்டர் ஒருவர் நிற்க வைத்து இருமச் சொன்னார். குடலிறக்கமாக இருந்தால் இருமும்போது வீக்கம் விம்மி விரலில் இடிக்குமாம். வீக்கத்துக்கு மேலே விரல்களைச் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். மேல் எல்லை கையில் அகப்பட்டால் வீக்கம் விரைப்பையோடு நிற்கிறது, வயிற்றிலிருந்து இறங்கவில்லை என்று பொருள். அப்புறம் விளக்கை அணைத்துவிட்டு, பின்பக்கமிருந்து சின்ன டார்ச் ஒன்றை அழுத்திப் பிடித்தார். வீக்கம் முழுக்கச் செவ்வொளியாய்ப் பளபளத்தது. "பாருங்க, உள்ள தண்ணிதான்" என்றார். எட்டு மாதம் ஒளித்து வைத்ததைப் பார்த்து முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஸ்கேனும் எடுக்கச் சொன்னார். எதற்கு என்று கேட்டேன். சுற்றி நீர் நிற்பதால் விரை கைக்குத் தட்டுப்படவில்லை, உள்ளே கட்டி ஏதாவது இருந்து அதனால் நீர் கோத்திருந்தால் வைத்தியமே வேறு என்றார். ஸ்கேனில் விரை நன்றாக இருந்தது. யானைக்கால் கிருமிக்கும் ரத்தம் எடுத்தார்கள், அதுவும் இரவு பத்து மணிக்கு மேல். அந்த நுண்புழுக்கள் ராத்திரியில்தான் மேலோட்டமான ரத்தத்துக்கு வருமாம். சாக்கடைக் கொசு கடிக்கிற நேரமும் அதுதான். எனக்குப் புழு இல்லை. ஆனாலும், ரத்தத்தில் இல்லை என்பதால் எப்போதோ வந்து போகவில்லை என்று ஆகாது, எங்கள் பக்கத்து ஆட்களிடம் இதைக் கேட்காமல் விடமாட்டோம் என்றார் டாக்டர். உலகம் முழுக்க 2.5 கோடி ஆண்களுக்கு யானைக்கால் கிருமியால் இந்த வீக்கம் இருப்பதாக உலக சுகாதார நிறுவனமே கணக்குச் சொல்லியிருக்கிறது. அவர்களில் எத்தனை பேர் என்னைப் போல வேட்டியைத் தளர்த்திக் கட்டிக்கொண்டிருக்கிறார்களோ.

சர்க்கரை, ஈ.சி.ஜி. எல்லாம் பார்த்துத் தேதி கொடுத்தார்கள். முதுகில் ஊசி போட்டதும் இடுப்புக்குக் கீழே மரத்துப்போனது. உறையைத் திறந்து நீரை வடித்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பித் தைத்துவிடுவார்கள். அதன் பிறகு ஊறும் நீரைச் சுற்றியுள்ள சதையே இழுத்துக்கொள்ளும். முக்கால் மணி நேர வேலை. அன்று ராத்திரி சிறுநீர் பிரியாமல் தவித்ததுதான் பெரிய பாடு. இரண்டாம் நாள் வடிகுழாயை எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகு பை முன்பு இருந்த அளவுக்கே வீங்கி, கல் மாதிரி இறுகிவிட்டது. ஆபரேஷன் வீணாகிவிட்டது என்று நானும் மனைவியும் ஒரு ராத்திரி தூங்கவில்லை. காலையில் ஓடினோம். காய்ச்சல் இல்லை, சீழ் இல்லை, அளவு நாளுக்கு நாள் கூடவில்லை, இது ஆறும்போது வருகிற வீக்கம்தான் என்றார்கள். இறுக்கமான ஜட்டி போட்டுத் தாங்கல் கொடுத்தேன். ஒரு மாதம் பைக்கைத் தொடவில்லை, அரிசி மூட்டையைத் தூக்கவில்லை. மெல்ல மெல்ல வற்றிப்போனது.

போன மாதம் சித்தப்பாவிடம் இதையெல்லாம் விவரமாகச் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எனக்கு இருபது வருஷமா இருக்குடா" என்றார். வயது எழுபத்தொன்று. நானே கூட்டிக்கொண்டு போனேன். அதே அறை, அதே டாக்டர், அதே டார்ச். ஆனால் அவருக்கு ஒளி ஊடுருவவில்லை. நாள்பட்டதால் உறை தடித்திருக்கலாம், ஸ்கேன் பார்க்காமல் சொல்லக் கூடாது என்றார் டாக்டர். திங்கட்கிழமை ஸ்கேன். காலை ஆறரை பஸ்ஸுக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.