ஓசிடி, பைபோலர், அங்கொடை

ஜூன் 3, செவ்வாய்

கச்சான் காத்தில மண்டை காயுது. ஒபிஸ்ல புதுசா வந்த பிள்ளை பேனையெல்லாம் கலர் பாத்து அடுக்கிப்போட்டு "எனக்கு ஓசிடி அக்கா, இப்பிடி இல்லாட்டி ஏலாது" எண்டு சிரிக்குது. நல்ல பிள்ளை, ஆனா அது வெறும் ஒழுங்கு மகள். ஓசிடி எண்டது வேண்டாத நினைப்பு விடாம வந்து, செய்ததையே திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிற மனவருத்தம். பின்னேரம் மனேஜருக்கு 'பைபோலர்' பட்டம், காலையில ஒரு கதை பின்னேரம் ஒரு கதையாம். பைபோலர் எண்ட மனவருத்தத்தில வாற அந்த உச்சம் கிழமைக்கணக்கில நிக்கும், நித்திரையே தேவைப்படாது, கையில இருக்கிற காசெல்லாம் தண்ணியாப் போகும். இவருக்கு மேலிடத்தில இருந்து கோல் வந்தா கதை மாறும், அவ்வளவுதான்.

ஜூன் 5, வியாழன்

மாமாட கடை பூட்டுற நேரம் போனன். மச்சான் ஆமைப்பூட்டைப் போட்டு இழுத்துப் பாத்தான், திரும்ப இழுத்தான், ஃபோன்ல போட்டோ எடுத்தான், விரல் நடுவில பூட்டு அமத்தின தழும்பு கறுத்துக் கிடக்கு. ரெண்டு பேரும் கல்லடிப் பாலத்தடிக்கு வந்திட்டம், நிண்டு போட்டோவைப் பாக்கிறான், பாத்திட்டு "இது நேத்து எடுத்ததோ தெரியா" எண்டு கிறுகிப் போறான். திகதி அதிலயே இருக்கு! பூட்டினது அவனுக்கும் தெரியும், தெரிஞ்சும் மனம் விடுதில்ல, அதுதானே ஓசிடி எண்ட வருத்தம். ஒரு நாளையில ஒரு மணித்தியாலத்துக்கு மேல இதுக்கே போகுதோ எண்டு டொக்டர்மார் கேக்கிறது சும்மா இல்ல.

ஜூன் 8, ஞாயிறு

மாமி வீட்டில பெரிய கதை. கிளினிக் போகலாம் எண்டு மச்சான் வாய் திறந்ததே பெரிய விசயம், அதுக்குள்ள பக்கத்து வீட்டு அக்கா வந்து "அது எனக்கும் இருக்குகா, கேஸ் பூட்டினதா எண்டு நானும் ரெண்டு தரம் பாக்கிறனான்" எண்டா. மாமி உடனே "பாத்தியா, எல்லாருக்கும் உள்ளதுதான்". மாமா மற்றப் பக்கம், "அங்க போனா மறுகா அங்கொடைக்குத்தான் அனுப்புவானுகள்". கொழும்புப் பக்கம் இருக்கிற அந்த அங்கொடை மனநல ஆஸ்பத்திரிக்குத் தேசிய மனநல நிறுவகம் எண்டு பேர் மாத்தி எவ்வளவு காலம், நாங்க இன்னும் பிள்ளைகளை வெருட்ட அதைத்தான் வச்சிருக்கம். ஒராள் ஒண்டுமில்ல எண்ணுறா, மற்றவர் விசர் எண்ணுறார், நடுவில இவன் சோத்தைப் பிசைஞ்சபடி.

அங்கொடையில இருந்துதான் 1926 நம்பரில ஃபோன்ல கதைக்கிறாங்க, மட்டக்களப்பு போதனா ஆஸ்பத்திரியிலயும் கிளினிக் இருக்கு எண்டு சொன்னன். மாமி ஒண்டும் பேசல்ல, தேத்தண்ணி ஊத்தப் போயிட்டா.

ஜூன் 9, திங்கள்

மாமி கோல் எடுத்தா. புதன் கிளினிக் போறாங்களாம், அவவும் கூடப் போறாவாம். கடையை மாமா திறப்பார், பின்னேரம் பூட்டுறது ஆரெண்டுதான் இன்னும் இழுபடுது.